முல்லைக்குப் பத்துப் பதியம்

மன்னன் வாய்ச்சொல்லே சட்டமாயிருந்த முற்காலத்தில் மானவேள் என்றோர் அரசன் இருந்தான். படரக் கொம்பின்றித் தவித்த முல்லைக்குத் தன் தேரையே தந்த பழைய வள்ளலின் புகழைப் பாடக் கேட்டவன், கொலுமண்டபத்தின் நடுவே ஒரு சாடியில் முல்லையை நடுவித்தான்.

"அவன் தேர் தந்தான், நாம் மண்டபமே தந்தோம். இக்கொடியை அறுப்பவன் தலை அறுபடும்" என்று ஆணையிட்டான்.

ஆணை முல்லைக்கு நன்கு விளங்கிற்று போலும். தூண்களைச் சுற்றிற்று, சாளரத்தை மூடிற்று, அரியணைமேல் கவிந்தது. வேற்றுநாட்டுத் தூதர் ஒருவர் இலைமறைவில் இருந்த மன்னனைக் காணாமல், வாயிற்காவலனை வணங்கி ஓலையை நீட்டினார். அரசன் முகம் கறுத்தது. ஆணையை மாற்றவோ மானம் இடந்தரவில்லை.

அவ்வவையில் தத்தன் என்னும் விகடன் இருந்தான். அவன் பேச்சுக்கு அரசன் சிரிக்கும்போதெல்லாம் புழுங்கியவர் அவைப்புலவர் ஆலங்கிழார். அவர் எழுந்தார்.

"அரசே, பாடியே திருக்கதவம் திறப்பித்த அடியார்கள் உண்டு. தத்தனும் நாவலன்தானே? ஒரு பதியத்தால் கொடியை இறக்கட்டும்."

பத்துப் பாட்டுக் கொண்ட பதிகத்தைப் பதியம் என்பது அந்நாட்டுப் புலவர் வழக்கு.

"நன்று" என்றான் அரசன். "தத்தா, கார்த்திகை விளக்கீட்டுக்குள் பதியத்தால் கொடியை இறக்கு. இயலாவிட்டால் நாடு கடத்துவோம். அறுத்தாலோ, ஆணை தெரியுமல்லவா?"

"பதியந்தானே அரசே? எத்தனை என்று மட்டும் புலவர் பெருமான் சொல்லட்டும்."

"பத்து!" என்றார் ஆலங்கிழார், பல்லெல்லாம் தெரிய.

மறுநாள் தத்தன் மண்ணும் எருவும் நிறைந்த பத்துச் சாடிகளோடு வந்தான். தூண்களிலிருந்து கொடிகளைப் பதமாய் அவிழ்த்து, அடிக்கு அருகிலேயே வளைத்து, கணுக்களை மண்ணில் புதைத்துக் கல் ஏற்றினான்.

"பாட்டு எங்கேயடா?" என்றார் புலவர்.

"பதியம் போட்டாயிற்று ஐயா. தோட்டக்காரர் எவரையும் கேளுங்கள்."

மழை பெய்து ஓய்ந்தது. கணுக்கள் வேர்விட்டன. விளக்கீட்டன்று தத்தன் தாய்ச்செடியோடு பிணைந்திருந்த இடங்களைக் கத்தியால் துண்டித்து, சாளரத்தையும் அரியணையையும் மூடியிருந்த கொடிகளோடு சாடிகளை முற்றத்துக்கு அகற்றினான். பல மாதம் காணாத வெயில் அரியணையில் விழுந்தது.

"அறுத்துவிட்டான்! பத்து இடத்தில் அறுத்துவிட்டான்!" என்று ஆலங்கிழார் கூவினார்.

அரசன் கை வாளுக்குப் போயிற்று. "தத்தா, தலையை நீயே தந்துவிட்டாய்."

"ஒரு விண்ணப்பம், அரசே. தாங்கள் பிறந்த அன்று ஒருத்தி கொடி அறுத்தாள். அவள் தலை என்னவாயிற்று?"

"எந்தக் கொடி?"

"தொப்புள்கொடி."

அரசன் கை வாளை விட்டது.

"அந்த மருத்துவச்சிக்கு எந்தை பட்டுச்சேலையும் பொற்காப்பும் அளித்தார்" என்றான் அரசன், மெதுவாக.

"முற்றத்தில் நிற்பவை முல்லை ஈன்ற பிள்ளைகள். தனிவேர் ஊன்றிவிட்டன. அடியேன் அறுத்ததும் தொப்புள்கொடியே. மருத்துவச்சிக்கு உரியதைத் தந்தால் போதும்."

அரசன் சிரித்த சிரிப்பில் அரியணை குலுங்கிற்று. தன் பொற்காப்பைக் கழற்றித் தத்தன் கையில் இட்டான், பட்டுச்சேலையும் வரவழைத்தான்.

"சேலையை நீ உடுத்துவாயோ?"

"என் மனைவி விடமாட்டாள், அரசே."

மீண்டும் சிரித்த அரசன் புலவர் பக்கம் திரும்பினான். "பத்துப் பிள்ளை வேண்டுமென்று கேட்டவர் நீர். ஒன்றும் வாடாமல் நீர் வார்த்து வளர்ப்பதும் உம் கடமை" என்றான்.

ஆலங்கிழார் குடத்தைத் தேடிப் போனார்.