நான்கெல்லைக்கும் கூவச் சொன்ன பொன்னாச்சி

"ம்ம்பா..." என்று அந்தச் சத்தம் இருட்டிலிருந்து வந்தது. கன்று கத்துவது போல இருந்தது. ஆனால் சுற்றிலும் கன்றும் இல்லை, மாடும் இல்லை. வெறும் மனை, நாலு மூலையிலும் சுண்ணாம்பு பூசிய கல், அவ்வளவுதான். கைக்குழந்தையை இடுப்பில் இறுக்கிக்கொண்டு நின்ற பொன்னாச்சி விளக்கை உயர்த்திப் பிடித்தாள்.

இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன். ரொம்பக் காலத்துக்கு முன்னால் வேங்கைநாட்டை இளம்பரிதி என்றொரு ராஜா ஆண்டு வந்தான். நல்லவன்தான். ஆனால் காலையில் ஒரு புத்தி, மாலையில் ஒரு புத்தி. ஒருநாள் தன் பெயரில் ஒரு புது நகரம் வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது. அந்த வேலையை நில அதிகாரி மருதவாணரிடம் ஒப்படைத்தான்.

மருதவாணர் கைகாரர். பரிதிபுரம் என்று பெயர் வைத்தார். தினமும் வண்டி கட்டி ஜனங்களை அழைத்துப்போய், ஆளுக்கொரு பொட்டலம் புளியோதரை கொடுத்து மனை காட்டினார். வெறும் தரையில் இங்கே சந்தை, அங்கே கோயில் என்று கை நீட்டினார். இரண்டாக வாங்குங்கள், ஒன்றில் குடியிருங்கள், மற்றதன் வாடகையே சோறு போடும் என்றார். இது கடைசி மனை என்பார். மறுநாள் வண்டியிலும் அதே கடைசி மனை இருக்கும்.

அந்த வண்டியில் ஒருநாள் பொன்னாச்சியும் ஏறினாள். புருஷன் போரில் போய்விட்டான். அரண்மனை கொடுத்த ஒரு முடிப்புப் பொன்னும், எட்டு மாதப் பெண் குழந்தையும்தான் மிச்சம். படைவீரர் கொட்டகையில் இருந்தாள். அங்கே கதவுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. ராத்திரியெல்லாம் கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தபடியே தூங்குவாள். அமாவாசைக்குள் அதையும் காலி செய்தாக வேண்டும்.

நிலம் வாங்குவது எப்படி என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பயம் மட்டும் நிறைய இருந்தது. அந்தப் பயத்தில் ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதற்கு முன் இது யாருடையது? தண்ணீர் எத்தனை ஆழத்தில்? பழைய உரிமை ஓலை எங்கே?

"அம்மணி, ராஜா பெயரில் இருக்கிற ஊருக்கு ஓலை கேட்கிற முதல் ஆள் நீதான்" என்றார் மருதவாணர். வண்டியே சிரித்தது. நாளை உச்சி வேளைக்குள் பொன்னைக் கட்டாவிட்டால் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் சொல்லி அனுப்பினார்.

அன்று சாயங்காலம் கோடை மழை கொட்டியது. அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இருப்பதையெல்லாம் கொட்டி வாங்கப்போகிற இடத்தை மழை ஈரத்தில் ஒருதரம் பார்த்துவிட வேண்டும் என்று, மழை விட்டதும் குழந்தையோடும் விளக்கோடும் நடந்தாள். அப்போதுதான் அந்தச் சத்தம். ஓடிவிடலாமா என்று நினைத்தவள், குச்சியால் மண்ணைக் கிளறினாள். நத்தை ஓடுகள் வந்தன. அப்புறம் கொழுகொழுவென்று ஒரு தவளை வந்து "ம்ம்பா" என்றது. அவளுக்கு விளங்கிவிட்டது. இது மனையில்லை, ஏரி. கரையை வெட்டி எடுத்துவிட்டிருக்கிறார்கள். வறட்சியில் காய்ந்து கிடக்கிறது. தவளைகள் மண்ணுக்குள் காத்திருக்கின்றன.

விடிந்ததும் சபையில் போய்ச் சொன்னாள். ராஜாவுக்கு முகம் சிவந்தது. மருதவாணர் பணிவாகக் குனிந்தார்.

"சின்னப் பெண், பிரபு. இருட்டில் எதையோ கேட்டு மிரண்டிருக்கிறாள்."

"என் நகரத்தை ஏரி என்கிறாய். இன்றைக்குள் நிரூபி. இல்லையென்றால் உன் பொன் கஜானாவுக்கு, நீ அந்த மனைக்கு. அங்கேயேதான் குடியிருக்க வேண்டும்" என்றான் ராஜா.

பொன்னாச்சி விடவில்லை. "அரசே, எங்கள் ஊரில் ஒரு வழக்கம் உண்டு. விற்கிறவர் நிலத்தின் நடுவில் நின்று நாலு பக்கமும் எல்லைக்காரர் யார் என்று கூவ வேண்டும். அண்டை நிலத்துக்காரர் பதில் கொடுத்தால்தான் வாங்குவோம். ஆட்கள் வீடு திரும்பும் நேரம் பார்த்து, இருட்டினபின் கூவுவார்கள். மருதவாணர் ஐயா கூவட்டும்."

ராஜாவுக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. அவள்தான் அடிக்கடி வானத்தைப் பார்த்தாள். பகலெல்லாம் வெயில் காய்ந்தது. தவளைகள் மறுபடி மண்ணுக்குள் போய்விட்டால்?

இருட்டியது. தீப்பந்தங்களோடு சபையே வந்து நின்றது. மருதவாணர் தொண்டையைச் செருமிக்கொண்டு கிழக்கே பார்த்துக் கூவினார். பதில் இல்லை. தெற்கே இல்லை. மேற்கே இல்லை. வடக்கேயும் இல்லை.

"எல்லாரும் இனிமேல்தான் குடிவருவார்கள், பிரபு" என்று சிரித்தார்.

ராஜா பொன்னாச்சி பக்கம் திரும்பினான். அவள் குழந்தையை இன்னும் இறுக்கி அணைத்தாள். அந்த இறுக்கத்தில் குழந்தை விழித்துக்கொண்டு வீரிட்டு அழுதது.

"ம்ம்பா" என்றது கிழக்கே ஒரு குரல். தெற்கே இன்னொன்று. அப்புறம் நாலு எல்லையும், காலுக்குக் கீழேயும், ஆயிரம் தொண்டைகள். குதிரைகள் மிரண்டன. ராஜா ஓரடி பின்வாங்கினான். வலது கால் கணுக்கால் வரை சேற்றில் இறங்கிற்று.

ராஜா காலைப் பார்த்தான், மருதவாணரைப் பார்த்தான். "அண்டை வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்துவிட்டார்களே, மருதவாணரே. நீர் மட்டும்தான் பாக்கி. வாங்கினவர்களின் பொன்னைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இங்கேயே குடிசை போடும். கரையை உம் கையாலேயே கட்டி முடிக்கிறவரை இவர்கள்தான் உமக்குப் பேச்சுத்துணை."

பிறகு பொன்னாச்சியிடம் கோட்டைத் தெருவில் ஒரு ஓட்டு வீடு தருவதாகச் சொன்னான். அவள் கும்பிட்டாள், ஆனால் நகரவில்லை.

"அரசே, அதற்குப் பழைய ஓலை இருக்கிறதா?"

ராஜா விழுந்து விழுந்து சிரித்தான். ஓலை வந்தது, அவள் வாசிக்கச் சொல்லிக் கேட்டாள். அந்த வீட்டுக்கே போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்தாள். கடைசியில் ராஜாவே வாசலில் நின்று கூவ வேண்டியதாயிற்று.

"கிழக்கெல்லைக்காரர் யார்?"

"எண்ணெய்க் கடை மாசிலாமணி. இந்நேரத்தில் யாருய்யா அது?" என்றது ஒரு குரல்.

"மேற்கெல்லைக்காரர் யார்?"

"நான்தான் தாயம்மா. இப்பத்தான் பிள்ளைகளைத் தூங்க வைத்தேன். கத்தாமல் போ."

தெற்கும் வடக்கும் பதில் கொடுத்தன. பொன்னாச்சி உள்ளே போனாள். தேக்குக் கதவைச் சாத்தினாள். ராஜா இன்னும் வாசலில்தான் நின்றிருந்தான், அவள் அதை யோசிக்கவில்லை. குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, உள்ளேயிருந்து தாழ்ப்பாளைப் போட்டாள்.