சாக்பீஸ் கோட்டைத் தாண்டிய குமிழ்

தீர்ப்புச் சொல்ல ஆசை உள்ளவர்கள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். கண்ணை நம்பினால் இந்த வழக்கில் ஏமாந்து போவீர்கள்.

தூத்துக்குடியில் மூன்று பேர் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு நடத்தினார்கள். தலைவர் செலஸ்டின், டிரம்ஸ் வாசிப்பவர். கீபோர்டு வாசிக்கும் பெர்க்மான்ஸ், சொன்ன சொல்லில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாத மனிதர். அதனாலேயே அவரோடு காலம் தள்ளுவது கொஞ்சம் கஷ்டம். மூன்றாவது ஆள் பாடகி எமல்டா. கல்யாண வரவேற்புகளில் தன் குரல் சரியாகக் கேட்காமல் ஏழு வருடம் கத்திக் கத்திப் பாடியதில் தொண்டையில் சின்னக் கட்டி வந்துவிட்டது. "இந்த சீசனும் கத்தினா அடுத்த சீசனுக்குக் குரல் இருக்காதும்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆகவே புது ஸ்பீக்கர் வாங்குவது மற்ற இருவருக்கும் தொழில், அவளுக்கு உயிர்.

அவர்கள் வாங்கப்போனது சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரை வயிற்றுக்குள்ளேயே வைத்திருக்கும் ரகம். கரண்ட் கொடுத்து, குரலையும் வாத்தியத்தையும் கலந்து அனுப்பும் மிக்ஸரிலிருந்து ஒரு வயர் இழுத்தால் போதும். கடைக்காரர் பெரிய பெட்டி ஒரு ஜோடி, சின்னப் பெட்டி ஒரு ஜோடி என்று சனிக்கிழமை காலை கல்யாண மண்டபத்துக்கே அனுப்பிவைத்தார். நாலு மணிக்கு வண்டி வரும், வேண்டாத ஜோடியை ஏற்றிவிட வேண்டும். மறுநாள் அதே மண்டபத்தில் முந்நூறு பேர் வரும் வரவேற்பு.

மூன்று மணி வரை பெட்டியைத் தொடாமல் வாயாலேயே சண்டை போட்டார்கள். கடைசியில் பெர்க்மான்ஸுக்குப் பொறுக்கவில்லை. கடைசி வரிசையில் ஒரு ஃபேன் பக்கத்தில் மிக்ஸரை வைத்தார். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் அதன் குமிழுக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு போட்டார்.

"ரெண்டு ஜோடிக்கும் ஒரே அளவு. இந்தக் கோட்டை விட்டு யாரும் நகத்தப்படாது. சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார்கள். ஒத்திகையில் பதிவு செய்த எமல்டாவின் பாட்டு ஒன்றைப் போட்டார்கள். பெரிய ஜோடியில் பாட்டு நெஞ்சில் வந்து மோதியது, பக்கத்து ஃபேனின் கடகடப்பு அதற்குள் காணாமல் போயிற்று. சின்ன ஜோடிக்கு மாற்றினால் பாட்டு எட்டப் போய் நின்றுகொண்டது, ஃபேன் சத்தம்தான் முன்னால் கேட்டது. பெரியதுதான் என்று மூன்று பேரும் சொன்னார்கள். எமல்டாவும்தான் சொன்னாள், மறைப்பானேன்? ஆனால் சொல்லி வாய் மூடுவதற்குள் அவளுக்கு உறுத்தத் தொடங்கிவிட்டது. பெரிய ஜோடியில் தன் குரல் கேட்டது, தான் பாடிய வார்த்தை கேட்கவில்லை.

"அண்ணே, சின்னதைக் கொஞ்சம் கூட்டி வச்சுக் கேப்பமா?"

"கோடுன்னா கோடுதான், எமல்டா."

மணி மூன்றரை ஆகிவிட்டது. முன் வரிசையிலிருந்து ஒரு தடவை கேட்டுவிட்டு முடித்துவிடுவோம் என்று செலஸ்டின் பெர்க்மான்ஸை இழுத்துக்கொண்டு போனார். மிக்ஸர் பக்கத்தில் எமல்டா மட்டும் நின்றாள். பெரிய ஜோடியைக் கோட்டிலேயே விட்டாள். சின்னதற்கு மாற்றியதும் அவள் விரல் கோட்டைத் தாண்டியது. பெரிய ஜோடியில் ஃபேன் சத்தம் எவ்வளவு மறைந்ததோ அவ்வளவு மறையும் வரை திருகினாள், அதற்கு மேல் ஒரு நூல்கூட இல்லை. பெட்டி திணறினால் அதன் முகத்தில் சிவப்பு விளக்கு எரியும். எரியவில்லை.

முன்னால் இருந்த இருவரும் எழுந்தே விட்டார்கள்.

"ஏல பெர்க்மான்ஸ், வார்த்தை ஒண்ணொண்ணும் தனித்தனியா நிக்குல்லா? பெட்டி இப்பத்தான் சூடேறியிருக்கு போல" என்று செலஸ்டின் காரணமும் கண்டுபிடித்துவிட்டார். பெர்க்மான்ஸும் தலையாட்டினார். சின்ன ஜோடியே இருக்கட்டும் என்று பேசிக்கொண்டார்கள். வாசலில் வண்டியின் ஹாரன் கேட்டது.

மிக்ஸரை அணைக்க வந்த பெர்க்மான்ஸ் குமிழைப் பார்த்தார். அவர் முகம் செத்துப்போயிற்று.

"யாரு திருக்குனது?"

"நான்தான்ண்ணே."

"சத்தியம் பண்ணிட்டா?"

"ஆமா. கேட்டேன், நீங்க விடல. ரெண்டும் ஒரே சத்தத்துல என் காதுக்கு வரணும்னுதான் திருக்குனேன். போகப்போறது என் தொண்டைல்லா?"

சத்தியத்தை மீறிச் செய்த சோதனை செல்லாது, முதலில் சொன்ன பெரிய ஜோடியே இருக்கட்டும் என்றார் பெர்க்மான்ஸ். ஒரே கோட்டில் எது அதிகச் சத்தம் கொடுத்ததோ அதற்குத்தானே பலம் அதிகம், அதனால் தானும் பெரியதற்கே திரும்பிவிட்டதாகச் சொன்னார் செலஸ்டின். சின்ன ஜோடியை ஏற்றவிடாமல் அதன் முன்னால் போய் நின்றாள் எமல்டா. ஹாரன் மூன்றாவது தடவை அடித்தது.

நீங்களே சொல்லுங்கள், இதில் யார் செய்தது சரி? கோட்டைக் காத்தவரா, தாண்டியவளா, சத்தத்தைப் பலம் என்றவரா?

விடை: சோதனையைச் சரியாகச் செய்தவள் எமல்டா. ஒவ்வொரு பெட்டிக்கும் வயிற்றில் தனி ஆம்ப்ளிஃபயர் இருப்பதால், குமிழ் ஒரே இடத்தில் நின்றாலும் ஒன்று உரக்கப் பேசும், ஒன்று மெல்லப் பேசும். உரக்கக் கேட்பதையே நல்லது என்று நினைப்பது நம் காதின் பழைய வியாதி. காதுக்கு வரும் சத்தத்தைச் சமமாக்கிவிட்டுத்தான் எது தெளிவு என்று கேட்க வேண்டும். அவள் அதை ஃபேனை வைத்து அளந்தாள். அவ்வளவு சத்தத்திலும் சிவப்பு விளக்கு எரியாததால் சின்னப் பெட்டிக்கும் பலம் போதும் என்று ஆனது, செலஸ்டினின் பலக் கணக்கும் விழுந்தது. சத்தியம் செய்தது ஓரவஞ்சனை கூடாது என்பதற்காக. கோட்டைக் காத்தே ஓரவஞ்சனை செய்துவிட்டார் பெர்க்மான்ஸ், பாவம், தெரியாமல். ஆனால் அவர் கண்டுபிடிக்கும் வரை எமல்டா வாய் திறக்காமல் இருந்தது தப்பு, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எமல்டா நின்ற இடத்தை விட்டு நகராததால், கடைசியில் பெரிய ஜோடிதான் வண்டி ஏறியது. மறுநாள் அவள் கத்தாமல் பாடினாள், கடைசி வரிசைக்காரர்கள் வார்த்தை பிடித்துக் கூடப் பாடினார்கள். பெர்க்மான்ஸ் அன்று முழுக்க அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் தன் கீபோர்டை அவள் குரலுக்கு மேலே ஒரு தடவைகூட ஏறவிடவில்லை.