தலைவர் காளைக்கு ஒரு கை புல்

மாடு வளர்ப்போர் சங்கத் தலைவர் தெய்வசிகாமணி சந்தை வாசலில் நின்று புதுச்சட்டம் போட்டார்: "சங்கம் விக்கற தீவனத்தைத் தின்னற மாட்டுக்குத்தான் சந்தைக்குள்ள இடம். புல்லு மேயற மாடெல்லாம் வெளியே!"

மேய்ச்சல் காட்டையே நம்பிப் பிழைக்கிற செங்காளியப்பன் பவ்யமாகக் கேட்டான்: "எது புல்லு மேயற மாடுன்னு எப்படீங்க கண்டுபுடிக்கறது?"

"இதென்ன பெரிய வித்தையா? புல்லை நீட்டிப் பாரு. நம்ம தீவனத்துல வளர்ந்த மாடு மோந்துகூடப் பார்க்காது."

"நல்லதுங்க" என்று ஒரு கை கொழுக்கட்டைப்புல் பிடுங்கி வந்தான். வரிசையில் முதலில் நின்றது தலைவரின் காளை; தீவன மூட்டையில் படமாக இருப்பதும் அதுதான். அது புல்லை வெடுக்கென்று பறித்துத் தின்றுவிட்டு, அவன் விரலையும் நக்கியது.

செங்காளியப்பன் அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டான்: "தலைவருங்க, இதை வெளியில எந்த மரத்துலீங்க கட்டறது?"