தக்காளி கழிச்ச தராசு

கோயமுத்தூர்ல எலக்ட்ரானிக் தராசு செய்யற பட்டறை ஒண்ணு. அங்க சென்னியப்பன், வேலாத்தா, ரங்கராசுன்னு மூணு பேரு. மூளை மூணு பேருக்கும் இருந்துச்சுங்க. தேஞ்சிருமேன்னு வெளிய எடுக்கறதில்ல.

புதுசா செஞ்ச தராசுல ஒரு வியாதி. தட்டுல ஒண்ணுமே இல்லாட்டியும் இருபது கிராம்னு காட்டும். எல்லாம் உள்ள இருந்து எடை சிக்னலப் பெருசாக்கற ஆம்ப்ளிஃபயர் பண்ற சேட்டை.

முதலாளியம்மா லோகேஸ்வரி அதுக்கு ஒரு பட்டன் வச்சாங்க. "இத அமுக்கினா, அந்த நேரம் ஆம்ப்ளிஃபயர் காட்டறத ஒரு கெப்பாசிட்டர் புடிச்சு வச்சுக்கும். அப்புறம் எடுக்கற ஒவ்வொரு அளவுலயும் அதக் கழிச்சிரும். எடை போடறதுக்கு முன்னாடி, தட்டு காலியா இருக்கறப்ப அமுக்கணும். மத்தியானம் மண்டிக்காரர் வர்றாரு. தப்பாக் காட்டுச்சு, ஆர்டரும் போச்சு, பட்டறைக்கும் பூட்டுதான்!"

சொல்லிட்டு பேங்குக்குப் போயிட்டாங்க. மூணு பேரும் தட்டச் சுத்தி நின்னாங்க.

"காலியா இருக்குதாடா?"

"காத்து இருக்குதுங்ண்ணா."

"அப்ப ஜன்னலச் சாத்து."

"சாத்துனா உள்ள இருக்கற காத்து எப்படிங்ண்ணா போகும்?" இது வேலாத்தா.

நியாயந்தானே? ஜன்னலத் தொறந்து வச்சு, காத்து போகட்டும்னு மரியாதையா ஒதுங்கி நின்னாங்க.

காத்து போகல. மண்டிக்காரர் அங்கமுத்து வந்துட்டாரு. வந்த வேகத்துல ஒரு கிலோ தக்காளிப் பையத் தட்டுல வச்சாரு.

"ஐயோ, இன்னும் பட்டன் அமுக்கலியே! பைய எடுக்கச் சொல்லலாமாக்கா?"

"வந்தவங்க வச்சத எடுக்கச் சொன்னா நல்லாவா இருக்கும்? அப்படியே அமுக்குடா."

அமுக்கினான் ரங்கராசு. சைபர்.

"ஏப்பா, என் தக்காளி எங்க?"

"கழிச்சாச்சுங்க," சென்னியப்பன் பெருமையாச் சொன்னாரு.

அங்கமுத்து பையத் தூக்கினாரு. மைனஸ் ஒரு கிலோ!

"ஐயையோ, தட்டு இளைச்சுப்போச்சு! வைங்க, வைங்க!"

வச்சாரு. சைபர். சந்தேகம் தீராம, அது மேலயே இன்னொரு ஒரு கிலோப் பைய வச்சாரு. கரெக்டா ஒரு கிலோ! ஒரு கிராம் கூடல, குறையல.

"அட, தங்கம் நிறுக்கலாம் போலிருக்கே! பத்து தராசு போடுங்க."

முதலாளியம்மா வர்றதுக்குள்ள, தராசுக்கு ஒரு கிலோ தக்காளி வச்சு பட்டன அமுக்கி, பத்துப் பெட்டியும் வண்டி ஏறிருச்சு.

"அந்த இருபது கிராம் தப்பு போயிருச்சா?"

"புடிச்சு உள்ள வச்சுட்டோமுங்க அம்மணி. பையோட."

ஒரு வாரம் போச்சு. அங்கமுத்து போன்ல கத்தறாரு: "யோவ், பத்து தராசும் ஒழுகுதுய்யா! நாத்தம் தாங்கல!"

சென்னியப்பன் கொஞ்சம் யோசிச்சாரு. அப்புறம் ரொம்பப் பொறுமையாச் சொன்னாரு:

"தக்காளி மாடல் அவ்வளவுதானுங்க தாங்கும். அடுத்த தடவ பூசணிக்கா மாடலா வாங்கிக்குங்க."