இடுப்பில் ஏழு நாள்

சர்வேயர் வைரவநாதன் ரைபிள் கிளப்புக்கு வந்தபோது காலை ஒன்பது மணி. ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். யாரும் இல்லை. இரண்டடி நடந்து மறுபடியும் பார்த்தார்.

ஊருக்கு வெளியே, பாறைக் குன்றுக்கு அடியில் இருந்தது அந்த கிளப். அங்கே சுடப் பழக்குகிறவர் சகாயராணி. பதினெட்டு வருடம் போலீஸ்காரர்களுக்குத் துப்பாக்கி பழக்கிவிட்டு விருப்ப ஓய்வு வாங்கியவர். வைரவநாதனைவிடப் பத்து வயது சிறியவர். ஆனாலும் அங்கே எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். இரண்டு மாதமாக அவரிடம் சுடப் பழகிவரும் வைரவநாதனும் அப்படியே கூப்பிட்டார்.

"லைசென்ஸ் வந்துடுச்சு டீச்சர்."

"சரி."

"எதை வாங்குறதுன்னு நீங்கதான் சொல்லணும். சின்னதா இருக்கணும். சட்டைக்குள்ள இருக்கிறது வெளியே தெரியக் கூடாது. அதுக்கு ஏத்த உறையும் வேணும். தினமும் இடுப்புல வச்சிக்கிட்டு நடமாடணும்."

"உட்காருங்க சார். தண்ணி குடிங்க."

அவர் உட்காரவில்லை.

காரணம் இருந்தது. ஒரு பாசனக் கண்மாயை அளந்து, அதில் பதினோரு ஏக்கரை மண் கொட்டி மூடி பிளாட் போட்டிருக்கிறார்கள் என்று அறிக்கை எழுதியவர் அவர். வழக்கு கோர்ட்டில் இருந்தது. முக்கியமான சாட்சி அவர்தான். ஒரு நாள் இரண்டு பேர் அவர் ஸ்கூட்டரை மறித்தார்கள். ஒருவன் கையில் செப்புக் காப்பு போட்டிருந்தான். அவன் தன் போனைத் திருப்பிக் காட்டினான். கல்லூரி வாசலில் அவர் மகள் செண்பகா நின்றுகொண்டிருந்த போட்டோ.

"பொண்ணு நல்லா படிக்குதா சார்?" என்று கேட்டான். அவ்வளவுதான். போய்விட்டார்கள்.

போலீஸில் புகார் கொடுக்கப் போனார். என்ன சொல்லி மிரட்டினான் என்று கேட்டார்கள். "பொண்ணு நல்லா படிக்குதான்னு கேட்டான்" என்றார். எழுதிக்கொண்டிருந்தவர் பேனாவை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். அதன் பிறகுதான் வைரவநாதன் துப்பாக்கி லைசென்ஸுக்கு எழுதிப் போட்டார்.

சகாயராணி பீரோவைத் திறந்து மூன்று துப்பாக்கிகளை எடுத்தார். ஒவ்வொன்றையும் திறந்து, தோட்டா இல்லை என்று அவருக்குக் காட்டிவிட்டு மேஜையில் வைத்தார்.

"இது ரொம்பச் சின்னது. நல்லா மறையும். ஆனா சுடும்போது கையில துள்ளும். பத்தடி தாண்டினா எங்கே போய்ப் படும்னு சொல்ல முடியாது."

"இது?"

"இது சொன்ன பேச்சு கேட்கும். ஆனா சட்டைக்குள்ள துருத்திக்கிட்டு நிக்கும்."

"நடுவுல இருக்கிறது?"

"ரெண்டும் கொஞ்சம் கொஞ்சம்."

வைரவநாதன் மிகச் சின்னதை எடுத்தார்.

"உறை?"

"தோள்ல மாட்டுறது இருக்கு. அதுக்கு மேல கோட்டு போடணும். நம்ம ஊர் வெயில்ல கோட்டு போட்டுட்டுப் போனா தெருவே உங்களைப் பார்க்கும். கணுக்கால்ல கட்டுறது இருக்கு. எடுக்கக் குனியணும். எதிர்ல நிக்கிறவன் அதுவரைக்கும் காத்திருக்கணும். இடுப்புல செருகுறது இருக்கு. ஸ்கூட்டர்ல உட்கார்ந்தா வயித்துல குத்தும்."

"இதுல எனக்கு எது நல்லது டீச்சர்?"

சகாயராணி ஒரு தராசை எடுத்து வைத்தார். ஒரு காடாத் துணிப் பையில் ஏர்கன்னுக்குப் போடும் ஈயக் குண்டுகளைக் கொட்டினார். தராசில் ஒரு பக்கம் அந்தச் சின்னத் துப்பாக்கி, மறுபக்கம் பை. முள் நேராக நின்றதும் பையின் வாயை ஊசி நூலால் தைத்தார். அதை ஒரு தோல் உறைக்குள் திணித்து அவரிடம் நீட்டினார்.

"ஏழு நாள் இடுப்புல இருக்கட்டும். குளிக்கும்போதும் தூங்கும்போதும் மட்டும் கழட்டுங்க. எட்டாம் நாள் வாங்க."

"இதை வச்சு நான் என்ன செய்றது? அவங்க வந்தா?"

"வந்தா, வந்தாங்கன்னு என்கிட்ட வந்து சொல்லுங்க."

முதல் நாள் ஆபீஸ் மாடிப்படி ஏறுவதற்குள் அவர் கை ஆறு தடவை இடுப்புக்குப் போனது. பக்கத்து மேஜை அலமேலு கேட்டார்: "என்ன சார், இடுப்புப் பிடிப்பா?"

"ஆமாம்மா."

டீக்கடையில் சுவரில் முதுகு படுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். பஸ்ஸில் ஒருவர் தோள் இடித்தபோது சட்டையை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார். இதுவரை அவர் யார் கண்ணிலும் பட்டதில்லை. இப்போது எல்லோரும் அவர் இடுப்பையே பார்ப்பதுபோல் இருந்தது.

மூன்றாம் நாள் செண்பகாவைக் கல்லூரியில் விடப் போனார். வேகத்தடையில் ஸ்கூட்டர் குதித்தது. பின்னால் உட்கார்ந்திருந்தவள் சட்டென்று அவர் இடுப்பைப் பிடித்தாள். அவர் அவள் கையை அடித்துத் தள்ளினார். பலமாகவே அடித்துவிட்டார்.

"அப்பா?"

அவர் வண்டியை நிறுத்தவில்லை. கல்லூரி வாசலில் இறங்கியபின் அவள் கேட்டாள்.

"இடுப்புல என்னப்பா?"

"பெல்ட்டு. வலிக்குப் போடுறது."

"டாக்டர் கொடுத்தாரா?"

"ஆமா."

அவள் கையைத் தடவிக்கொண்டே உள்ளே போனாள். மறுநாள் காலை ஸ்கூட்டரில் ஏறியதும் பின்பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

நான்காம் நாள் மாலை ஆபீஸிலிருந்து கிளம்பியபோது ஒரு மோட்டார் சைக்கிள் பின்னாலேயே வந்தது. அவர் பெட்ரோல் பங்கில் நின்றார். அதுவும் நின்றது. அவர் தன் தெருவுக்குப் போகாமல் மில் சுவரோரம் இருந்த சந்துக்குள் திரும்பினார். அதுவும் திரும்பியது. சந்து முடிகிற இடத்தில் சுவர். அதற்கு மேல் போக வழியில்லை.

வண்டியிலிருந்து இறங்கியவன் தலையில் ஹெல்மெட். ஒரு கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு கிட்டே வந்தான்.

வைரவநாதனின் கை தானாகச் சட்டையைத் தூக்கியது. உறையிலிருந்து பையை உருவி அவன் நெஞ்சுக்கு நேராக நீட்டினார். விரலால் இறுக அழுத்தினார். தையல் விட்டது. ஈயக் குண்டுகள் மழைபோலக் கொட்டி வந்தவன் காலடியில் உருண்டன.

வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கண்மாய்க்குக் கீழே ஒரு ஏக்கர் வயல் வைத்திருக்கும் கருத்தான். அளவுக்குப் போன நாட்களில் கூடவே அளவுச் சங்கிலி பிடித்து நடந்த மனிதர். பின்னால் இருந்த கையில் ஒரு பாலித்தீன் பை. அதற்குள் இரண்டு விரால் துடித்துக்கொண்டிருந்தன.

"எத்தனை தடவை கூப்பிட்டேன் சார்! காதுலயே விழலையா? நம்ம கண்மாய் மீனு. வீட்டுக்குக் கொடுக்கலாம்னு வந்தேன்."

வைரவநாதன் காலிப் பையை முதுகுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார்.

கருத்தான் குனிந்து கீழே கிடந்ததில் ஒன்றைப் பொறுக்கிப் பார்த்தார். "வலைக்குக் கட்டுற ஈயமா சார்? இவ்வளவு பொடிசா இருக்கே?"

பிறகு அவரே உட்கார்ந்து, புழுதியை ஊதி ஊதி, ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கொடுத்தார். வைரவநாதன் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வீட்டுக்குப் போய்ப் பையை அவரே தைத்துக்கொண்டார். அன்று மீன் குழம்பை அவர் தொடவில்லை.

ஆறாம் நாள் காலை, டீக்கடையில் அவர் பக்கத்தில் ஒருவன் தொடை உரச வந்து உட்கார்ந்தான். செப்புக் காப்பு.

"பதினாலாம் தேதி கோர்ட்டாமே சார்?"

அவர் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க வயசுல மறதி வர்றது சகஜம். அளவு, கிளவு எல்லாம் மறந்து போச்சுன்னு சொன்னா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க." அவன் டீயை உறிஞ்சினான். "பாப்பா இப்பல்லாம் உங்க வண்டியிலதான் வருது போல."

அவன் எழுந்து போனான். டீயில் ஆடை கட்டியிருந்தது.

எட்டாம் நாள் வைரவநாதன் கிளப்புக்கு வந்தார். பையை மேஜையில் வைத்தார். எல்லாவற்றையும் சொன்னார். மகள் கையை அடித்ததைச் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் நிறுத்தினார்.

சகாயராணி பையின் புதுத் தையலைத் தடவிப் பார்த்தார். முடிந்ததும் கேட்டார்.

"சந்துல விரல் அழுத்தினது நிச்சயமா?"

"தையல் விட்டுப்போச்சே டீச்சர்."

"அழுத்துறதுக்கு முன்னாடி யாருன்னு கேட்டீங்களா?"

"இல்ல."

"டீக்கடையில கை எங்கே இருந்தது?"

"கிளாஸைப் பிடிச்சிக்கிட்டு இருந்தது. விடவே முடியல."

"இது துப்பாக்கியா இருந்திருந்தா இன்னைக்கு யாரு இல்லாம போயிருப்பாங்க?"

வைரவநாதன் பையைத் தன்னிடமிருந்து தள்ளி வைத்தார்.

"கருத்தான்."

"காப்பு போட்டவன்?"

"டீ குடிச்சிட்டுப் போயிருப்பான். அவன் டீக்கும் சேர்த்து நான்தான் காசு கொடுத்துட்டு வந்தேன்."

வெளியே யாரோ சுட்டுப் பழகும் சத்தம் கேட்டது. ஒவ்வொரு வெடிக்கும் அவர் தோள் துள்ளியது.

"அப்போ வாங்க வேண்டாங்கிறீங்க."

"நான் அப்படிச் சொல்லலையே சார்."

"பின்னே? அவங்க நிஜம் டீச்சர். நான் கனவு காணல. என் பொண்ணு போட்டோ அவன் போன்ல இருக்கு."

"தெரியும். உங்க பயம் பொய்யின்னு நான் ஒரு நாளும் சொல்ல மாட்டேன்."

"அப்போ நான் பதினாலாம் தேதி எதை வச்சிக்கிட்டுப் போறது?"

"கோர்ட்டு எத்தனை மணிக்கு?"

"பத்தரை."

"நானும் வரேன்."

"நீங்க எதுக்கு டீச்சர்? உங்களையும் பார்த்து வச்சிப்பாங்க."

"பார்க்கட்டும். காலையில எட்டு மணிக்கு பஸ் ஸ்டாண்டுல இருக்கேன்."

வழக்கு முடிய அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. கண்மாயில் கொட்டிய மண்ணை அள்ளச் சொல்லி உத்தரவு வந்தது. பாதிக்கு மேல் அள்ளியும் விட்டார்கள். செண்பகா படிப்பை முடித்தாள். கடைசியில் துப்பாக்கி வாங்கினீர்களா என்று கேட்கிறவர்களுக்கு வைரவநாதன் இன்றுவரை பதில் சொன்னதில்லை. அந்தப் பதினாலாம் தேதியைப் பற்றி மட்டும் சொல்வார்.

அன்று சகாயராணி கோர்ட்டுக்குள் வரவில்லை. தோளில் ஒரு பழுப்பு நிறக் கைப்பையோடு வெளியே புங்க மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"நீங்க போங்க சார். நான் இங்கேயே இருக்கேன்."

கூண்டில் இரண்டு மணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் திருப்பித் திருப்பிக் கேட்டார்.

"இவ்வளவு நாளைக்குப் பிறகு அளவெல்லாம் ஞாபகம் இருக்கா?"

"இருக்கு."

"மறந்திருக்கலாமில்லையா?"

வைரவநாதன் சட்டையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"மறக்கல. பதினோரு ஏக்கர் நாற்பது சென்ட்."

வெளியே வந்தார். வாசலுக்கு அந்தப் பக்கம், பஸ் நிற்கும் இடத்துக்குப் போகும் வழியில், ஒரு மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு இரண்டு பேர் நின்றார்கள். செப்புக் காப்பு வெயிலில் மின்னியது. அவர்களைத் தாண்டாமல் பஸ்ஸுக்குப் போக முடியாது.

சகாயராணி பெஞ்சை விட்டு எழுந்து அவர் பக்கத்தில் வந்தார். கைப்பையின் ஜிப் திறந்திருந்தது. வலது கை மணிக்கட்டுவரை பைக்குள் இருந்தது.

இருவரும் நடந்தார்கள். முப்பது அடி. இருபது அடி. அந்த இரண்டு பேரும் வைரவநாதனைப் பார்க்கவில்லை. பைக்குள் இருந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காப்பு போட்டவன் நீட்டியிருந்த காலை மெல்ல மடக்கினான்.

வைரவநாதன் உதடு அசையாமல் கேட்டார்.

"டீச்சர், பைக்குள்ள துப்பாக்கி இருக்கா?"

சகாயராணி அவர் பக்கம் திரும்பவில்லை.

"அவங்களும் இப்ப அதைத்தான் யோசிச்சிக்கிட்டு இருக்காங்க சார். நடங்க."