பெல்ட்டில் போன ஐந்நூறு பாக்கெட்

“டீச்சர், இந்த சி கம்ப்யூட்டர் மொழி எனக்கு வராது. விட்டுருதேன்.”

ஜெபராணி வகுப்புக்குள் வராமல் வாசலிலேயே நின்றாள். வயது நாற்பத்தாறு. தூத்துக்குடி உப்புக் கிடங்கில் பாக்கெட் எண்ணும் வேலை. சொல்லிக்கொடுக்கும் ரிஸ்வானாவுக்கு இருபத்து நான்கு.

“என்னக்கா ஆச்சு?”

“பெல்ட்டுல போற பாக்கெட்டை எண்ணுறதுக்கு புரோகிராம் எழுதினேன்லா? இங்க வச்சுப் பாக்கும்போது ஒழுங்கா எண்ணிச்சு. கிடங்குல, ஒரு பாக்கெட் போறதுக்கு முன்னாடியே எட்டாயிரத்து நானூறுங்குது! சூப்பர்வைசர் விழுந்து விழுந்து சிரிக்காரு.”

“சிரிச்சா சிரிக்கட்டும்.”

“நாளைக்குள்ள ஓடலைன்னா வெளியாளுங்க மிஷினோட வந்திருவாங்க டீச்சர். நாங்க மூணு பொம்பளைங்களும் உப்பு வாரப் போகணும்.”

ரிஸ்வானா புரோகிராமை வாங்கி ஒருமுறை படித்தாள். சாக்பீஸை நீட்டினாள்.

“போர்டுல இருக்கிற எண்ணோட அஞ்சு கூட்டுங்க.”

கரும்பலகையின் மூலையில் 713 என்று இருந்தது. ஜெபராணி உள்ளே வந்து அதன் கீழே 718 என்று எழுதினாள்.

“கூட்டினது சரியா?”

“சரிதான்.”

“எழுநூத்துப் பதிமூணு எப்படி வந்துச்சு?”

“எனக்கென்ன தெரியும்? முந்தின வகுப்புல யாரோ எழுதிட்டுப் போயிருக்காங்க. நாமதான் முதல்ல அழிச்சுட்டு...”

பேச்சு பாதியில் நின்றது.

சாக்பீஸைப் போட்டுவிட்டு, செருப்பைக்கூட ஒழுங்காக மாட்டாமல் ஓடினாள்.

மறுநாள் காலை. புரோகிராமில் எண்ணத் தொடங்கும் இடத்துக்கு முன்னால், மிஷினில் ஏற்கெனவே கிடந்த பழைய எண்ணை அழிக்க ஒரே ஒரு வரியைச் சேர்த்திருந்தாள்: எண்ணிக்கை சைபர்.

பெல்ட் ஓடியது.

சின்னத் திரையில் ஒன்று. இரண்டு. மூன்று.

கூட வேலை செய்யும் இருவரும் வாய்விட்டு எண்ணினார்கள். நூறில் குரல் உயர்ந்தது. முந்நூறில் சுமை தூக்குகிறவர்களும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஐந்நூறாவது பாக்கெட் போனபோது கிடங்கே கத்தியது.

திரையிலும் ஐந்நூறு.

சூப்பர்வைசர் சந்தனராஜ் நம்பவில்லை. பாக்கெட்டுகளை அடுக்கச் சொல்லி அவரே எண்ணினார். இன்னொரு தடவையும் எண்ணினார். பிறகு முதலாளிக்குப் போன் போட்டார்.

“வெளியாளுங்க வேண்டாம் சார். நம்ம ஜெபராணியே செஞ்சிட்டாங்க.”

போனை வைத்துவிட்டு அவள் பக்கம் திரும்பினார்.

“நேத்து என்னதாம்மா தப்பா எழுதியிருந்தே?”

ஜெபராணி தலை நிமிர்ந்து சிரித்தாள்.

“எழுதினதுல ஒரு தப்பும் இல்ல சார். முதல்ல அழிக்காம விட்டதுதான்.”