பதினெட்டு அடி

“தப்பு எங்கே நடந்தது, பாவா?”

கேட்டுவிட்டு மாலுமி சந்தியாகு மணலிலேயே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் நடந்து வந்த கால்கள். வயது ஐம்பத்தைந்து.

பாவா கிணற்றடியில் நின்றிருந்தார். ஒரு காலத்தில் ஏழு கப்பல் ஓட்டிய மரைக்காயர் அவர். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஆற்றுமுகத்தில் கிணறு தோண்டி, கரை இறங்கும் கப்பல்காரர்களுக்குத் தண்ணீர் இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். மாலுமியைவிடப் பத்து வயது இளையவர்.

“எந்தத் தப்பு?”

“பிரெஞ்சுக்காரன் கப்பல்.”

கதை கரை முழுக்கத் தெரிந்ததுதான். பாவாவுக்கும் தெரியும். இருந்தாலும், “சொல்லுங்க” என்றார்.

சந்தியாகு சொன்னார். பதினான்கு மாதமாக மனத்துக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன சொற்கள். செபமாலை உருட்டுவதுபோல வந்தன.

“நீளம் நூத்து முப்பத்தஞ்சு அடி. அகலம் முப்பத்தேழு. பாய்மரம் மூணு. பீரங்கி அறுபது, ரெண்டு தட்டுல. கீழ்த்தட்டுப் பீரங்கி ஒவ்வொண்ணும் இருபத்துநாலு ராத்தல் குண்டு போடும். சீமையை விட்டுக் கிளம்பும்போது முந்நூத்தம்பது பேர். இங்கே வந்து சேர்ந்தது இருநூத்துப் பத்து. மிச்சப்பேர் வழியிலேயே ஈறு வீங்கிச் செத்தாங்க.”

“தண்ணிக்குக் கீழே?”

“பதினெட்டு அடி.”

அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

அந்தக் கப்பலுக்குப் பின்னால் ஒல்லாந்தரின் நான்கு போர்க்கப்பல்கள் துரத்திக்கொண்டு வந்தன. கோடியக்கரைக்கு வடக்கே ஒரு பெரிய மணல்திட்டு. அதற்கு உள்பக்கம் ஆழமான இடம் உண்டு. அங்கே போய் நின்றுவிட்டால், வழி தெரியாத யாரும் பின்னால் வர முடியாது. வழி தெரிந்தவர் சந்தியாகு ஒருவர்தான். அவரைப் படகு அனுப்பி ஏற்றிக்கொண்டார்கள். ஆழம் பார்க்கும் கயிறு போட அவர் தன் மனைவியின் தம்பி தொம்மையையும் கூட்டிக்கொண்டு போனார்.

“கடல் வெள்ளம் ஏறின நேரம். திட்டுக்குள்ளே போற வாய்க்கால்ல மூணேகால் பாகம் தண்ணி. பாகத்துக்கு ஆறடி. ஆக பத்தொம்பதரை அடி. கப்பலுக்குப் பதினெட்டு. ஒண்ணரை அடி மிச்சம். கணக்கு சரிதானே பாவா?”

“பதினெட்டுன்னு யார் சொன்னது?”

“கப்பல் தலைவன் கடுதாசியைக் காட்டினான். அவங்க ராஜா முத்திரை போட்ட கடுதாசி. துபாசி நம்ம பேச்சுல வாசிச்சான்.”

“அப்புறம்?”

“பாதி வாய்க்கால்ல தரை தட்டிருச்சு. முன்பாய்மரம் முறிஞ்சு விழுந்தது. பீரங்கியெல்லாம் கடல்ல உருட்டிவிட்டோம். அப்பவும் மிதக்கலை. நாப்பத்தோரு பேர் செத்தாங்க.” சற்று நிறுத்தினார். “தொம்மையும்.”

பாவா கயிற்றைக் கையில் எடுத்தார்.

“பதினெட்டு அடின்னீங்களே. யாருடைய அடி?”

“என்ன கேக்கிறீங்க?”

பாவா தண்ணீர் இறைக்க ஆரம்பித்துவிட்டார்.

சந்தியாகு காத்திருந்தார். வாளி ஏறியது, இறங்கியது. எழுந்து நடந்தார்.

வழியெல்லாம் எரிச்சலாக இருந்தது. இதற்கா இரண்டு நாள் நடந்தோம்? யாருடைய அடி என்றால்? விதி அடித்த அடி என்கிறாரா? ஆண்டவன் திருவடியைப் பிடி என்கிறாரா? தன்னால் வேதாந்தம் பேச முடியாது. தண்ணீரின் நிறம் பார்த்து ஆழம் சொல்லத் தெரியும். அவ்வளவுதான். இப்போது அதற்கும் யாரும் கூப்பிடுவதில்லை.

வீட்டில் மதலேனாள் சோறு போட்டாள். போய் வந்தது எங்கே என்று கேட்கவில்லை. தம்பி செத்ததிலிருந்து அவள் தேவைக்கு மேல் பேசுவதை விட்டுவிட்டாள். உப்பு வேண்டுமா, கதவைச் சாத்தவா, இவ்வளவுதான். சண்டை போட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பார்.

மூன்று வாரம் கழித்து ஒரு செய்தி கிடைத்தது. உடைந்த கப்பலின் தச்சன் உயிரோடு தரங்கம்பாடியில் இருக்கிறான். பெயர் இவோன். தேன்மார்க்குக்காரர்களுக்குக் கதவும் சன்னலும் செய்து பிழைக்கிறான்.

சந்தியாகு அங்கேயும் நடந்தார்.

தச்சன் அவரைப் பார்த்ததும் உளியைக் கீழே வைத்தான். அவனும் இளைத்துப் போயிருந்தான். கொச்சைத் தமிழும் பறங்கிப் பேச்சும் கலந்துதான் பேசிக்கொள்ள முடிந்தது.

“உன் கப்பல் தண்ணிக்குக் கீழே எத்தனை அடி?”

“பதினெட்டு. நானே அளந்தேன்.”

“யாருடைய அடி?”

கேட்ட பிறகுதான் தன் வாயிலிருந்து அது வந்தது சந்தியாகுவுக்கே தெரிந்தது.

தச்சனுக்கு அந்தக் கேள்வி விசித்திரமாகப் படவில்லை. “எங்க ராஜாவுடைய அடி” என்றான். “வேறே எது?”

மரப்பெட்டியைத் திறந்து ஓர் அடிக்கோலை எடுத்தான். சந்தியாகு இடுப்பிலிருந்து தன் அடிக்கோலை எடுத்தார். மேசையில் ஒன்றன் பக்கத்தில் ஒன்றை வைத்தார்கள்.

ராஜாவின் அடி ஒரு விரற்கடை கூடுதல் நீளம்.

பதினெட்டு அடிக்குப் பதினெட்டு விரற்கடை. ஒன்றரைச் சாண்.

சந்தியாகு அந்தச் சின்ன இடைவெளியில் விரலை வைத்துப் பார்த்தார். சரியாக அடங்கியது.

கிணற்றடிக்குத் திரும்ப வந்தபோது அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

“கண்டுபிடிச்சிட்டேன் பாவா. அவங்க அடி பெரிசு. பதினெட்டுன்னு எழுதியிருந்தது நம்ம கணக்குக்குப் பத்தொம்பதுக்கு மேல. வாய்க்கால்ல ஓரிடத்துல மூணு பாகம் ஒரு சாண்தான் தண்ணி, பத்தொம்பது அடிகூட இல்லை. தட்டாம என்ன செய்யும்? யார் ஓட்டியிருந்தாலும் தட்டியிருக்கும். தப்பு என்கிட்ட இல்லை.”

“நல்லது” என்றார் பாவா.

“உங்களுக்கு முன்னாலேயே தெரியுமா?”

“கப்பல் வச்சிருந்தவன்தானே நானும்.”

“அன்னைக்கே சொல்லியிருக்கலாமே! இத்தனை நாள் நடை மிச்சமாயிருக்கும்.”

“நீங்க அளவையா கேட்டீங்க? தப்பைக் கேட்டீங்க.”

பாவா ஒரு செம்பில் தண்ணீர் கொடுத்தார். சந்தியாகு குடித்தார்.

“இப்போ நிம்மதியா இருக்கா மாலுமியாரே?”

“இருக்கணும்.”

“இருக்கா?”

“தெரியலை பாவா. தூக்கமா வருது. பதினஞ்சு மாசத் தூக்கம்.”

“கயிறு போட்ட பையனுக்கு ராஜாவுடைய அடி தெரியுமா?”

“தொம்மைக்கா? அவனுக்கு என்ன தெரியும். எழுத்தே தெரியாது. பாகம், முழம், சாண். அதுக்கு மேலே ஒண்ணும் தெரியாது.”

“அப்போ அவனும் ஒண்ணும் சொல்லியிருக்க மாட்டான்.”

சந்தியாகு செம்பைத் தரையில் வைத்தார். நிமிர்த்தி வைத்தது சாய்ந்து உருண்டது. அவர் எடுக்கவில்லை.

ஆற்றுமுகத்தில் ஒரு தோணி உள்ளே வந்துகொண்டிருந்தது. அது கரை தட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

“சொன்னான்” என்றார்.

பாவா கிணற்று விளிம்பில் உட்கார்ந்தார்.

“பக்கவாட்டுல தொங்கிக்கிட்டுக் கயிறு போட்டான். மூணேகால், மூணேகால்னு சொல்லிக்கிட்டே வந்தவன், மூணு பாகம் ஒரு சாண்னான். கப்பலுக்கு அடியிலேருந்து சேறு கிளம்புது, நங்கூரத்தைப் போடச் சொல்லு மச்சான்னு கத்தினான். நான் திரும்பிப் பார்த்தேன். தண்ணி சேறா கலங்கித்தான் இருந்தது. நாப்பது வருஷம் தண்ணி பார்த்த கண்ணு பாவா. பார்த்தேன். ஆனா கடுதாசி கையில இருந்தது. பதினெட்டுன்னு இருந்தது. போடா, கயித்தைப் போடுன்னேன்.”

“எத்தனை தரம் கத்தினான்?”

“மூணு தரம்.”

வெயில் ஏறியது. கிணற்றைச் சுற்றி ஈரமாக இருந்த மணல் வெளுக்கத் தொடங்கியது.

“உங்க வீட்டில் கேட்டாங்களா?”

“முதல் நாளே கேட்டா. தம்பி கடைசியா என்ன சொன்னான்னு. காத்துல எதுவும் கேக்கலைன்னு சொல்லிட்டேன்.”

பாவா உருண்டு கிடந்த செம்பை எடுத்துக் கழுவினார். கவிழ்த்து வைத்தார்.

“இப்போ காத்து நின்னுடுச்சா?” என்று கேட்டார்.

இரண்டு நாள் நடந்து சந்தியாகு வீடு வந்து சேர்ந்தபோது நடுப்பகல். மதலேனாள் வாசலில் மீனைப் பிளந்து உப்பு அப்பிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல், “சோறு உள்ளே இருக்கு” என்றாள்.

அவர் உள்ளே போகவில்லை. அவளுக்கு எதிரே குந்தினார். ராஜாவின் அடியைப் பற்றிச் சொல்லத்தான் முதலில் வாய் வந்தது. அதை விழுங்கிக்கொண்டார்.

“அவன் சொன்னான். எனக்குக் கேட்டுச்சு.”

அவள் கை நின்றது.

“சேறு கிளம்புது, நிறுத்துன்னான். மூணு தரம் சொன்னான். நான் நிறுத்தலை. உன்கிட்டே பொய் சொன்னேன்.”

காகம் ஒன்று வந்து மீன் கூடையில் உட்கார்ந்தது. இருவரும் அதை விரட்டவில்லை. அது ஒரு துண்டைக் கவ்விக்கொண்டு போனது. பிறகு இன்னொன்று வந்தது.

அவள் எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தார். அரிவாள்மனையைத் தூக்கி எறிவாள் என்றுகூட நினைத்தார்.

“பயந்தானா?” என்று கேட்டாள்.

“என்ன?”

“என் தம்பி. அப்போ பயந்து கத்தினானா?”

சந்தியாகு யோசித்தார். அந்தக் குரலைப் பதினைந்து மாதமாகக் கேட்காமலே ஒதுக்கி வைத்திருந்தார். இப்போது கேட்டார்.

“இல்லை. பயமே இல்லை. கோவம். அது கண்ணா புண்ணான்னு என்னைக் கேட்டான். அத்தனை வெள்ளைக்காரனுக்கு முன்னால.”

மதலேனாளின் முகம் கோணியது. அழுகைதான். ஆனால் உதட்டோரத்தில் வேறு என்னவோ அதை முந்திக்கொண்டு வந்தது.

“அவன் வாய் அப்படித்தான்” என்றாள்.

உப்புக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

“இன்னும் சொல்லுங்க.”